இருபத்தெட்டு பவுண்டு

வேலிக்கென்று நட்ட மரம்.
கான்சாஸ் புல்வெளியில் மாடு தாண்டாதிருக்க
யாரோ வரிசையாக ஊன்றிவிட்டுச் செத்துப்போனார்கள்.
முள். மூளைபோல் மடிப்பு விழுந்த பச்சைக் காய்.
மாடு மோந்துவிட்டுப் போய்விடும்.
வெட்டினால் உள்ளே மஞ்சள்,
கிழங்கை உடைத்த மாதிரி மஞ்சள்,
மூன்று நாள் விரலைவிட்டுப் போகாது.

ஆர்வல் டைக்ரேபர் அதில் வில் செய்கிறார்.

வில்லின் முதுகு ஒரே வளையத்தில் ஓட வேண்டும்.
மேலே கிடக்கும் வருஷங்களையெல்லாம்
இரண்டு கைப்பிடிக் கத்தியால் சீவித் தள்ளிவிட்டு
ஒரு வருஷத்தில் போய் நிற்க வேண்டும்.
நுனியிலிருந்து நுனிவரை அதே வருஷம்.
கத்தி மயிரிழை ஆழம் தப்பி
அடுத்த வருஷத்தில் இறங்கினால்
ஒரு நாள் அங்கேதான் பிளக்கும்.
கணு வந்தால்
பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டைப்போல்
சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

நாற்பத்தைந்துக்குக் கீழே அவர் செய்ததில்லை.
எழுபது, எழுபத்திரண்டு,
ஒருமுறை மொன்டானாக்காரன் ஒருவனுக்குத் தொண்ணூறு.
இழுக்க முடியாமல் அவன் அதைச் சுவரில் மாட்டியிருக்கிறானாம்.
அதைச் சொல்லும்போது
ஆர்வலுக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

செவ்வாய்க்கிழமை மார்னி ஸ்வோபோதா வந்தாள்.
பதினொரு வருஷமாக அவர் விற்களை
நீள அட்டைக் குழாயில் வாங்கிப்போகிற தபால்காரி.
மின்கட்டண ரசீதைக் கொடுத்தாள்.
விதைக் கடை விலைப்பட்டியலைக் கொடுத்தாள்.
போகவில்லை.
எனக்கு ஒன்று, என்றாள்.
எத்தனை?
இருபத்தெட்டு.
அது பிள்ளைகள் வில்லாச்சே.
தெரியும்.

வலது காறை எலும்புக்குக் கீழே
இரண்டு விரலால் ஒருதரம் அழுத்திக்கொண்டாள்,
தபால்தலை ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

கை நீளம் பார்க்க
அளவுகோலின் அடியை நெஞ்சில் ஊன்றுவது வழக்கம்.
அன்றைக்குத் தொண்டைக்குழியில் ஊன்றினார்.
கணக்கில் இரண்டு விரற்கடை கழித்துக்கொண்டார்.

முதுகைத் தொடக் கூடாது. சீவுவதெல்லாம் வயிற்றில்.
சுவரில் மாட்டி, கப்பியில் கயிறு போட்டு இழுத்து,
எட்டப் போய் நின்று பார்க்கிறார்.
ஐந்தில் வளையாத மரம்
அறுபத்தெட்டில் வளைந்துகொண்டிருக்கிறது.
ஐம்பத்திரண்டு.
சீவல். மறுபடி கயிறு.
நாற்பத்தாறு.
பிறை மாதிரி நிற்கிறது,
இரண்டு கையும் ஒன்றுபோல.
கத்தியைக் கீழே வைக்க வேண்டிய இடம் இதுதான்
என்று முப்பது வருஷத்துக் கை சொல்கிறது.
காப்பி குடித்தார்.
ஆறிய காப்பியை மறுபடி குடித்தார்.
இதற்குமேல் எடுப்பது எப்படி என்று தெரியும்.
எடுத்துப் பழக்கமில்லை.

முப்பத்தாறில் கீழ்க்கையில் கறுப்பு.
வேலிக் கம்பி ஆணி.
யாரோ அடித்து, மரம் மூடிக்கொண்டது.
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார், ஜெர்மனில்,
அவருக்குத் தெரிந்த ஒரே ஜெர்மன்.
அடுப்புக்குப் போக வேண்டிய கட்டை.
அடுப்புவரை கொண்டும் போனார்.
திரும்பி வந்து அந்த இடத்தில் மட்டும்
பக்கவாட்டில் கொஞ்சம் அகலம் விட்டார்.
பார்வைக்கு
இரை விழுங்கிய பாம்புபோல் இருந்தது.

மார்னி பார்த்தவுடன் விரல் வைத்தது அங்கேதான்.
தாங்குமா?
தெரியாது, என்றார் ஆர்வல்.
தாங்குமென்றுதான் நினைக்கிறேன்.
வேலை முடிந்தால் நாணை இறக்கிவிடு.
ஏற்றியே வைத்தால்
வளைந்தே இருந்துவிடும்.

முதல் அம்பு காலடியில் விழுந்தது.
இரண்டாவது புல்லுக்குள்.
எடுத்துத் தரப் போனவரை
நில்லுங்கள், என்றாள்.
மூன்றாவதற்கு நாண் காதோரம் வந்தது,
முழுதாக அல்ல, ஆனாலும் வந்தது.
வைக்கோல் கட்டின் ஓரத்தில்
டொக்கென்று ஒரு சத்தம்.

இன்னொன்று, என்றாள்.
வண்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மில்க்ரீக் சாலையில்
தபால் இரண்டு மணி நேரம் தாமதம்.